ரோஜாக்களை உடுத்திய அன்னை: சாண்டா ஃபே, 2001

2001 பிப்ரவரி 25 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரான சாண்டா ஃபேயில், சர்வதேச நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியைத் திறந்தது. மரபான உருவங்களைக் கணினித் தொழில்நுட்பத்தின் துணையோடு புதிதாகச் செய்யும் நான்கு பெண் கலைஞர்களின் படைப்புகள் அதில் இருந்தன. மேரியன் மார்ட்டினஸ் சர்க்யூட் போர்டுகளைக் கொண்டு சமய உருவங்கள் செய்பவர். எலினா பாக்கா, தெரேசா ஆர்ச்சுலேட்டா-சேகல் இருவரும் இருந்தனர். நான்காமவர் லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த அல்மா லோபஸ். அவர் வைத்த படைப்புகளில் ஒன்றின் பெயர் 'அவர் லேடி'. 1999-இல் செய்த டிஜிட்டல் அச்சு அது; மெக்சிகோ கத்தோலிக்கர்கள் வணங்கும் குவாதலூப்பே அன்னையை ரோஜா மாலைகள் மட்டும் உடுத்தியவளாகக் காட்டுவது. அளவு 14-க்கு 17.5 அங்குலம்தான். ஒரு மாதநாட்காட்டியை விடப் பெரிதல்ல.

முதல் சில வாரங்கள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மார்ச் நடுவில் எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரலுக்குள் நூற்றுக்கணக்கானோர் ஜெபமாலையோடு கூடினார்கள். சாண்டா ஃபே பேராயர் மைக்கேல் ஷீஹன் கண்டித்தார். கலைஞருக்கு வசை மின்னஞ்சல்கள் குவிந்தன. கடைசியில் அருங்காட்சியகம் படைப்பை அகற்றவில்லை. ஆனால் கண்காட்சியை முன்கூட்டியே மூடியது.

இந்தச் சர்ச்சையை மதமா கருத்துரிமையா என்ற பழக்கப்பட்ட சண்டையாகச் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. சுவரில் தொங்கிய உருவமும், அதை எதிர்த்தவர்கள் கையில் பிடித்திருந்த உருவமும் ஒரே அன்னைதான். இரு தரப்பும் மெக்சிகோ, ஸ்பானிய வேர் கொண்ட கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே வீட்டுக்குள் நடந்த உரிமைச் சண்டை இது. எந்த மாற்றத்தை அந்த வீடு இதுவரை பொறுத்துக்கொண்டது, எதைப் பொறுக்கவில்லை என்று பார்த்தால்தான் சாண்டா ஃபேயில் என்ன நடந்தது என்று புரியும்.

படத்தில் என்ன இருக்கிறது

முதலில் மூல உருவம். 1531 டிசம்பரில், மெக்சிகோ நகருக்கு வெளியே தெப்பேயாக் குன்றில், ஹுவான் தியேகோ என்ற பூர்வகுடி மனிதருக்கு மரியன்னை காட்சி தந்ததாக நம்பிக்கை. தனக்கு ஒரு கோயில் வேண்டும் என்று ஆயரிடம் சொல்லச் சொன்னாள். ஆயர் ஹுவான் தெ சுமாராகா அடையாளம் கேட்டார். குளிர்காலத்தில் மலையில் பூத்திருந்த ரோஜாக்களைப் பறித்து மேலாடையில் கட்டிக்கொண்டு போனார் ஹுவான் தியேகோ. ஆயர் முன் ஆடையை விரித்ததும் ரோஜாக்கள் கொட்டின. துணியில் அன்னையின் உருவம் பதிந்திருந்தது. குனிந்த பார்வை, குவித்த கைகள், கழுத்திலிருந்து பாதம்வரை மூடிய உடை, விண்மீன் பதித்த நீலப் போர்வை, காலடியில் பிறைநிலா, அதைத் தாங்கும் ஒரு சின்ன வானதூதர். மாநிற முகம். இவள்தான் குவாதலூப்பே அன்னை.

அல்மா லோபஸ் ஏறக்குறைய எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறார்: பிறை, போர்வை, தாங்கும் தூதர், நின்ற கோலம். ஆனால் அன்னை இப்போது கைகளை இடுப்பில் ஊன்றி, தலையை நிமிர்த்தி, பார்ப்பவரை நேராகப் பார்க்கிறாள். உடை கிடையாது; மார்பிலும் இடுப்பிலும் ரோஜா மாலைகள் மட்டும். வயிறும் தொடையும் தெரிகின்றன. மேடைக் கலைஞர் ராக்கெல் சாலினாஸ் இதற்கு மாதிரியாக நின்றார். ஒல்லியான விளம்பர மாடலின் உடல் அல்ல. தெருவில் தினம் பார்க்கிற நடுவயதுப் பெண்ணின் திடமான உடல். கீழே தூதர் இருந்த இடத்தில் திறந்த மார்போடு ஒரு பெண், முதுகில் பட்டாம்பூச்சிச் சிறகுகள்.

பத்திரிகைகள் 'பிகினி' என்று எழுதித் தள்ளின. அது பெரிய அநியாயம். அந்த ரோஜாக்கள் கடற்கரை உடை அல்ல. தெப்பேயாக் கதையில் அற்புதத்துக்குச் சாட்சியாக வந்த அதே ரோஜாக்கள். எழுத்தாளர் சாண்ட்ரா சிஸ்னெரோஸ் 1990-களில் எழுதிய ஒரு கட்டுரையில், அன்னையின் ஆடைக்குள் என்ன இருக்கும், அவளுக்கும் தன்னைப் போன்ற உடல்தானா என்று கேட்டிருந்தார். உடலைப் பற்றி வெட்கம் மட்டுமே கற்றுத்தரப்பட்ட கத்தோலிக்கச் சிறுமி வளர்ந்து கேட்ட கேள்வி அது. தன் படம் அதற்கான பதில் என்று லோபஸ் சொன்னார்: ஆடைக்குள் இருந்தவை ரோஜாக்கள். கதையைத் தெரியாத ஒருவரால் இந்தப் பதிலை யோசித்திருக்கவே முடியாது. பக்திக்கு வெளியே நின்று எறிந்த கல் இல்லை இது.

போர்வையிலும் ஒரு கதை உண்டு. நீலத்துக்கும் விண்மீனுக்கும் பதில் அதில் சாம்பல் நிறக் கற்செதுக்கு தெரிகிறது. அது கொயோல்ஷௌக்கி, அஸ்டெக் மக்களின் நிலாத் தெய்வம். தன் தம்பியான போர்த்தெய்வத்தால் தலை வெட்டப்பட்டு, உடல் துண்டாடப்பட்டு, கோயில் குன்றிலிருந்து உருட்டிவிடப்பட்டவள். சிதறிய உறுப்புகளோடு அவளைச் செதுக்கிய மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுள்ள வட்டக்கல்லை, 1978 பிப்ரவரியில் மெக்சிகோ நகரின் நடுவே மின்சாரக் கம்பெனித் தொழிலாளர்கள் தோண்டும்போது கண்டார்கள். தெப்பேயாக்கிலும் அன்னைக்கு முன்பே தொனான்ட்சின் என்ற தாய்த்தெய்வ வழிபாடு இருந்ததாக 16-ஆம் நூற்றாண்டுத் துறவிகளே கவலையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். வெட்டுண்ட மகளை அன்னையின் தோளில் போர்த்துவதன் மூலம் லோபஸ் இரண்டு தெய்வங்களையும் ஒரே உடம்பில் சேர்க்கிறார்.

பட்டாம்பூச்சியும் சும்மா வைத்தது அல்ல. மெக்சிகோவுக்கும் வடக்கே கனடாவுக்கும் இடையே எல்லைகளைத் தாண்டிப் பறக்கும் மோனார்க் பலருக்குத் தெரியும். லோபஸ் தன் படைப்புகளில் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது அதைப் போலவே தோற்றமளிக்கும் வைஸ்ராய் பட்டாம்பூச்சி. வேறொன்றின் தோற்றத்தில் இருந்து உயிர் பிழைப்பது அதன் வழி. தன்பாலீர்ப்புள்ள பெண்ணாக வாழும் கலைஞருக்கு இந்தப் பூச்சி ஏன் தேவைப்பட்டது என்று விளக்கவேண்டியதில்லை.

அதற்கு முன்பே மாறிய அன்னை

குவாதலூப்பே அன்னை ஒருநாளும் அசையாமல் நின்றவள் அல்ல. 1810-இல் பாதிரியார் மிகேல் இடால்கோ ஸ்பெயினுக்கு எதிராக எழுந்தபோது அவள் படம்தான் கொடி. அடுத்த நூற்றாண்டு மெக்சிகோ புரட்சியில், புரட்சித் தலைவர் சபாட்டாவின் விவசாயப் படையும் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. 1966-இல் செசார் சாவேஸ் தலைமையில் கலிபோர்னியாவின் டிலேனோவிலிருந்து சாக்ரமெண்டோவரை பண்ணைத் தொழிலாளர்கள் நடந்த நெடும்பயணத்தில், சங்கக் கொடிக்குப் பக்கத்தில் அவள் படம் வந்தது. அப்புறம் கார் மூடிகளில், சிறைக்கைதிகளின் முதுகில் பச்சைகுத்தலாக, டீ-சட்டைகளில், மெழுகுவத்திகளில், கடைச் சுவர்களில். இதில் எதற்கும் யாரும் பேராயரிடம் ஓடியதாகக் கேள்விப்பட்டதில்லை.

சிக்கானா கலைஞர்கள், அதாவது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கப் பெண் கலைஞர்கள், அவளைக் கையில் எடுத்தது 1970-களின் நடுவில். மெக்சிகோ வம்சாவளியினரின் சிக்கானோ விடுதலை இயக்கத்தின் கொடியில் அன்னை இருந்தாள். அந்த இயக்கத்தில் பெண்கள் பெரும்பாலும் சமையலிலும் தட்டச்சிலும் இருந்தார்கள். பொறுமை, தியாகம், மௌனம் ஆகியவற்றின் மாதிரியாக அவர்களுக்குக் காட்டப்பட்டவளும் அதே அன்னைதான். எஸ்டர் ஹெர்னாண்டஸ் 1975-இல் ஒரு செதுக்கச்சில் அவளுக்குக் கராத்தே உடை போட்டு, காலை உயர்த்தி உதைக்கவிட்டார். சிக்கானோ மக்களின் உரிமைக்காகப் போராடும் அன்னை என்பது படத்தின் பெயர். 1988-இல் அவரே செய்த திரை அச்சில் அன்னை ஒரு பெண்ணின் வெற்று முதுகில் பச்சையாகக் குத்தப்பட்டிருக்கிறாள். ஓரத்திலிருந்து ஒரு கை அவளுக்கு ரோஜா நீட்டுகிறது.

இவற்றில் நான் அடிக்கடி திரும்பிப் போவது யோலாண்டா லோபஸிடம். அல்மாவுக்கு உறவு இல்லை. சான் டியேகோவின் லோகன் ஹைட்ஸ் பகுதியில் 1942-இல் பிறந்தவர். கொயோல்ஷௌக்கி மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த அதே 1978-இல் அவர் மூன்று பெரிய எண்ணெய்ப் பாஸ்டல் ஓவியங்கள் வரைந்தார். ஒன்றில் அவரே ஓடுகிறார். காலில் ஓட்டக் காலணி, கையில் பிடித்த பாம்பு, மறு கையில் பறக்கும் நீலப் போர்வை. பிறையைத் தாண்டிக் குதிக்கும்போது சிவப்பு வெள்ளை நீலச் சிறகுள்ள தூதரை மிதித்துவிட்டுப் போகிறார். அமெரிக்கக் கொடியின் நிறங்கள் அவை. இன்னொன்றில் அவர் அம்மா தையல் இயந்திரத்தின் முன் கண்ணாடி போட்டு உட்கார்ந்து அன்னையின் போர்வையையே தைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். மூன்றாவதில் பாட்டி, போர்வை விரித்த இருக்கையில், உரித்த பாம்புத் தோலும் கத்தியும் கையில். மூன்று தலைமுறைக்கும் பின்னால் அன்னையின் ஒளிக்கதிர்கள். புனிதத்தை இறக்கி வைக்கும் படங்கள் அல்ல இவை. உழைக்கும் மூன்று பெண்களைப் புனிதத்தின் இடத்துக்கு ஏற்றி வைக்கும் படங்கள். அம்மாவின் படம்தான் எனக்கு மூன்றிலும் மேல். ஓடும் பெண் எல்லாப் புத்தக அட்டைக்கும் போய்விட்டாள். போர்வை யார் கையால் தைக்கப்படுகிறது என்று கேட்டது தையல் படம்தான்.

அந்தக் காலத்திலேயே யோலாண்டா செய்த இன்னொரு படம் இந்தச் சர்ச்சைக்கு முக்கியமானது. அதில் அன்னை முழங்கால் அளவு உடையோடும் குதிகால் செருப்போடும் நடந்துபோகிறாள். உடல் முழுக்க மூடியிருக்கிறது, கெண்டைக்கால்களைத் தவிர. 1984-இல் மெக்சிகோவின் பெண்ணியப் பத்திரிகை 'ஃபெம்' அதை அட்டையில் போட்டது. பத்திரிகைக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன.

எதிர்த்தவர்களின் வருத்தம்

சாண்டா ஃபேயில் முதலில் குரல் எழுப்பியவர் ஹோசே வியேகாஸ் என்ற சமூகச் செயற்பாட்டாளர். உள்ளூர் குவாதலூப்பே ஆலயத்தின் திருத்தொண்டர் ஒருவர் அவரோடு சேர்ந்தார். பேராயர், அன்னையைத் தெருப்பெண்ணைப் போலக் காட்டியிருக்கிறார்கள் என்று பேசினார். மாநிலத்தின் வரிப்பணத்தில் நடக்கும் அருங்காட்சியகத்தில் எங்கள் தாயை எப்படி இப்படி வைக்கலாம் என்பதுதான் கூட்டத்தின் கேள்வி.

இவர்களைப் பிற்போக்கர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. அப்படிச் செய்தவர்கள் நியூ மெக்சிகோவைப் புரிந்துகொள்ளவில்லை. மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதியை அமெரிக்காவிடம் இழந்த உடன்படிக்கை 1848 பிப்ரவரி 2-இல் கையெழுத்தானது. கையெழுத்தான ஊர் குவாதலூப்பே இடால்கோ, அன்னையின் திருத்தலம் இருக்கும் இடம். இழந்த நிலத்தில் நியூ மெக்சிகோவும் ஒன்று. அதற்குப் பிறகு ஸ்பானிய மொழி பேசும் பழைய குடும்பங்கள் பொது மேய்ச்சல் நிலங்களை வழக்குகளிலும் மோசடிகளிலும் இழந்தன. 20-ஆம் நூற்றாண்டில் சாண்டா ஃபே கலைச்சந்தையாகவும் சுற்றுலா ஊராகவும் மாறியது. வெளியிலிருந்து வந்த வசதியானவர்கள் மண்வீடுகளை வாங்கினார்கள். தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்கு வீட்டு விலை எட்டாமல் போனது. அவர்கள் பாட்டன்கள் செதுக்கிய மரச் சொரூபங்கள் சேகரிப்பாளர்கள் வீட்டுக்கும் அருங்காட்சியகத்துக்கும் போயின. நிலம் போய், வீடு போய், கைவினையும் போன பிறகு மிச்சம் இருந்த ஒன்று அன்னை. அவளையும் குன்றின் மேலிருக்கும் அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால், அந்த வலி உண்மையான வலி.

ஆனால் அந்த வலி தவறான ஆளின் மீது இறங்கியது. அல்மா லோபஸ் மெக்சிகோவின் சினலோவாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். அதே அன்னையின் படம் மாட்டிய வீட்டிலிருந்து வந்தவர். கண்காட்சியைத் தொகுத்த டே மரியானா நன் லத்தீன வம்சாவளிப் பெண். நிலத்தை வாங்கியவர்களும் சொரூபங்களை வாங்கியவர்களும் யாருடைய கோபத்துக்கும் ஆளாகவில்லை. கோபம் முழுவதும் இந்தப் பெண்கள் மேல் விழுந்தது. அன்னை தங்கள் சமூகத்துக்குச் சொந்தம் என்று சொன்னவர்கள், அந்தச் சமூகத்தில் இந்த மகள்களுக்குப் பங்கு இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

லோபஸ் கொடுத்த பதிலில் ஒரு கேள்வி இருந்தது. ஐரோப்பியத் தேவாலயங்களின் சுவரெல்லாம் ஆடையில்லாத உருவங்கள். பால் கொடுக்கும் மரியா எத்தனையோ ஓவியங்களில் இருக்கிறாள். சிலுவையில் தொங்கும் மகனுக்கு இடுப்பில் ஒரு துண்டு மட்டும். அங்கெல்லாம் காணாத பாவத்தை என் படத்தில் மட்டும் காண்கிறவர்கள் பெண் உடலை எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அன்னையைத் தெருப்பெண் என்றது ஓவியர் அல்ல, பேராயர். ஒரு பெண்ணின் வயிறு தெரிந்தால் அவள் விலைமகள் என்ற எண்ணம் பார்ப்பவரிடமிருந்துதான் வருகிறது. படத்தில் அப்படி எதுவும் இல்லை. யாரையும் மயக்கும் முகமில்லை, அழைக்கும் பாவனையில்லை. வேலைக்கு நடுவே வாசலில் வந்து நின்று 'என்ன வேண்டும்?' என்று கேட்கிற பெண்ணின் நிலைதான் இருக்கிறது.

இங்கே ஒரு எதிர்வாதத்தைச் சொல்லியாகவேண்டும். 1999-இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் மரியன்னை ஓவியத்துக்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த ஓவியர் கிறிஸ் ஒஃபிலி ஆண். நகர மேயர் ரூடி ஜூலியானி மானியத்தையே நிறுத்தப் பார்த்தார். ஆகவே பெண் கலைஞர் என்பதால் மட்டுமே எதிர்ப்பு வருகிறது என்று சொல்ல முடியாது. அங்கே ஓவியத்தில் ஒட்டியிருந்த யானைச் சாணத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் அந்த ஓவியத்திலும் பெண் உடல் பாகங்களின் படங்கள் வெட்டி ஒட்டப்பட்டிருந்தன. ஆயுதத்தையும் கொடியையும் பச்சைகுத்தலையும் சங்கத்தையும் ஏற்றுக்கொண்ட அன்னையின் பக்தர்கள், அவளுக்கு உடல் என்று ஒன்று வந்ததும் நின்றுவிடுகிறார்கள்.

அருங்காட்சியகம் செய்தது

2001 ஏப்ரல் 4-க்கு அறிவித்த பொதுக்கூட்டத்துக்கு அரங்கு கொள்ளாத கூட்டம் வந்ததால் அது ஒத்திவைக்கப்பட்டது. ஏப்ரல் 16 அன்று நகரத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. ஆதரித்தும் எதிர்த்தும் நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். பிறகு, உணர்வைத் தொடும் பொருள்களுக்கான அருங்காட்சியகக் குழு படைப்பு இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2002 பிப்ரவரிவரை நடக்கவேண்டிய கண்காட்சி, நல்லிணக்கத்தின் பேரில், 2001 அக்டோபரிலேயே முடிந்தது.

நடுநிலையாகத் தெரியும் இந்தத் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. படைப்பு தவறு என்றால் அதை எடுத்திருக்கவேண்டும். சரி என்றால் முழுக் காலமும் வைத்திருக்கவேண்டும். இரண்டும் இல்லாமல், யாரும் குறை சொல்லாத மூன்று கலைஞர்களின் சுவர் நேரத்தையும் நான்கு மாதம் வெட்டினார்கள். எதிர்த்தவர்களும் திருப்தியடையவில்லை, படம் சுவரில்தானே இருந்தது. அவர்களுடைய உண்மையான குறை, அதாவது இந்த நிறுவனத்தில் எங்களுக்கு என்ன இடம் என்ற குறை, பேசப்படவே இல்லை. திறப்பதற்கு முன்னால் ஆலயங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போய், ரோஜாவின் கதையையும் போர்வையின் கதையையும் கலைஞரையே சொல்லவைத்திருந்தால் எதிர்ப்பு வராது என்று நான் சொல்லவில்லை. வந்திருக்கும். ஆனால் மின்னஞ்சலில் சுற்றிய சின்ன நகலை மட்டும் பார்த்து யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

வசைக் கடிதங்களை லோபஸ் மறைக்கவில்லை. ஆதரவுக் கடிதங்களோடு சேர்த்துத் தன் இணையதளத்தில் போட்டார். 2011-இல் அவரும் அவர் துணைவி, பேராசிரியர் அலிசியா காஸ்பார் தெ அல்பாவும் சேர்ந்து இந்தச் சர்ச்சையைப் பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பை டெக்ஸாஸ் பல்கலைக்கழக அச்சகம் மூலம் கொண்டுவந்தார்கள்.

அதே ஆண்டு ஜூனில் 'அவர் லேடி' அயர்லாந்துக்குப் போனது. கார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் சிக்கானோ பண்பாட்டைப் பற்றி நடந்த கருத்தரங்கையொட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். அங்கே தெப்பேயாக் இல்லை, 1848 இல்லை, பறிபோன மேய்ச்சல் நிலம் இல்லை, மண்வீடுகளை வாங்கும் வெளியூர்ப் பணக்காரர் இல்லை. அந்த ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு அன்னை என்றால் லூர்து மாதா, அயர்லாந்தின் நாக் ஊர் மாதா. சாண்டா ஃபேயின் கோபத்தை விளக்கிய உள்ளூர்க் காரணம் ஒன்றுகூட அங்கே பொருந்தாது. இருந்தும் ஆயர் ஜான் பக்லி கண்டன அறிக்கை விட்டார், எதிர்ப்பாளர்கள் ஜெபமாலையோடு வாசலுக்கு வந்தார்கள், குற்றச்சாட்டும் மாறவில்லை: அன்னைக்கு உடை போதவில்லை.